அரசனுக்கு ருசி பார்த்த பிணந்தின்னிக் கழுகு

கடிகாரம் என்ற ஒன்று இல்லாத காலம். வயிறு மணி அடித்தால்தான் சாப்பாட்டு நேரம். அந்தக் காலத்துக் கதை இது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேளுங்கள், ஏனென்றால் கதை முழுக்கச் சாப்பாடுதான்.

கருங்குன்றம் என்று ஒரு சின்ன நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், காலையில் வடக்கு எல்லையில் கிளம்பினவன் மாலையில் தெற்கு எல்லையில் கால் கழுவிக்கொள்ளலாம். அந்த நாட்டுக்கு மாறவேள் என்று ஒரு ராஜா. நல்ல ராஜாதான். வரி குறைவு, சண்டை குறைவு, பேச்சும் குறைவு. சாப்பாட்டில் மட்டும் அவர் குறை வைத்ததே இல்லை.

மாறவேளுக்குப் புலியைக் கண்டு பயமில்லை. இடியைக் கண்டு பயமில்லை. எதிரி நாட்டுப் படையைக் கண்டும் பயமில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம், விஷ பயம். பக்கத்து நாட்டு ராஜா ஒரு விருந்தில் பாயசம் குடித்தவர், கிண்ணத்தைக் கீழே வைக்கும் முன்பே சாய்ந்துவிட்டாராம். அவருக்கு ருசி பார்க்கிற ஆளை யாரோ பொன் கொடுத்து மடக்கிவிட்டார்களாம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மாறவேளுக்கு ஒரு கவளம்கூட நிம்மதியாக இறங்கவில்லை.

மாறவேளிடமும் ருசி பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தார். நல்லண்ணன் என்று பெயர். முதலில் மோந்து பார்ப்பார், பிறகு விரலால் தொட்டுப் பார்ப்பார், பிறகு ஒரு வாய் மென்று பார்ப்பார். பதினெட்டு வருடமாக ஒரு தப்பு நடந்ததில்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் பதினெட்டு வருடம் எம்மாத்திரம்? அவர் மெல்லும்போதெல்லாம் ராஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனையும் யாராவது மடக்கியிருந்தால்?

அந்த நாட்டுக்கு ஒரு மந்திரி உண்டு. பெயர் புத்திசேகரர். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை, யாரும் அவர் சொல்வதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பாதி அறிவாளி. பாதி தெரிந்ததும் மீதியும் தெரிந்துவிட்டது என்று எழுந்து நடக்கிற ஆள்.

அவர் ராஜாவிடம் வந்து சொன்னார். "அரசே, பொன்னுக்கு மயங்காத ஓர் ஆள் வேண்டும். சொந்தபந்தம் இல்லாத ஓர் ஆள் வேண்டும். சாவை நன்றாக அறிந்த ஓர் ஆள் வேண்டும். மூன்றும் சேர்ந்த ஆள் மனிதரில் கிடையாது. ஆகவே பிணந்தின்னிக் கழுகை நியமிப்போம்."

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. மாறவேளுக்கு வரவில்லை. பயந்தவனுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான்.

ஊருக்கு வெளியே ஒரு மொட்டைப் பாறை இருந்தது. செத்த மாட்டை அங்கே கொண்டுபோய்ப் போடுவது அந்த நாட்டு வழக்கம். கழுகுகள் வந்து ஒரு பகலில் எலும்பைத் தவிர எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். அப்படி ஒரு செத்த எருமையைத் தின்றுவிட்டு, உடம்பு கனத்து எழும்பிப் பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது ஒரு கழுகு. காவலர்கள் அதன்மேல் ஒரு கம்பளியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நல்லண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மோந்து பார்த்த இடத்தில் ஒரு கல்தூண் நட்டு, அதன்மேல் கழுகை உட்கார வைத்தார்கள். காலில் வெள்ளிச் சங்கிலி. கழுத்தில் ஒரு முடிகூட இல்லை, ஆனாலும் ஒரு முத்துமாலை போட்டார்கள். கழுகு முதல் வேலையாகத் தன் கால்மேலேயே வெள்ளையாகக் கழிந்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிலும் பார்த்தது. அது அதன் வழக்கம். அரண்மனைப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கமே வருவதை விட்டுவிட்டார்கள்.

இப்போது புத்திசேகரர் ஒரு சட்டம் போட்டார். சமைத்ததும் முதலில் கழுகு தின்ன வேண்டும். அதன் பிறகு பத்து நாழிகை பொறுக்க வேண்டும், ஏனென்றால் சில விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்தப் பத்து நாழிகையும் ராஜாவின் சாப்பாட்டை மூடி, முத்திரை வைத்து, சூடு ஆறாமல் இருக்கக் கம்பளி சுற்றி, அடுப்பின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். முத்திரை வைத்ததை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. கழுகு உயிரோடு இருந்தால் ராஜா சாப்பிடலாம்.

பத்து நாழிகை என்றால் எவ்வளவு தெரியுமா? காலையில் இறக்கி வைத்த குழம்பு, வெயில் தலைக்கு மேல் ஏறி, அந்தப் பக்கம் சாய்கிற நேரம்.

அரண்மனைச் சமையல்காரி மயிலாத்தாளுக்கு இது பிடிக்கவே இல்லை. அவள் மேற்கே மாடு மேய்க்கிற குடியில் பிறந்தவள். அரண்மனை அடுப்பில் ஒன்பது வருடமாக நிற்கிறவள். சமைப்பதும் அவள்தான், ராஜாவுக்கு முத்திரையை உடைத்துப் பரிமாறுவதும் அவள்தான்.

"ஏனுங்க மந்திரிங்களே, ஆக்கினதைச் சுடச்சுடத் திங்கறதுதானுங்க மொறை. வெதுவெதுன்னு மூடி வெச்சா என்னத்துக்குங்க ஆகும்?" என்று கேட்டாள்.

"கழுகு தின்று உயிரோடு இருக்கிறதா இல்லையா?" என்றார் புத்திசேகரர்.

"இருக்குதுங்க."

"அப்புறம் என்ன?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேச அவள் என்ன மந்திரியா? அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் பால்சோறு. கழுகு தின்றது, கண்ணை உருட்டியது, மேலும் கேட்டது. பத்து நாழிகை கழித்து ராஜா தின்றார். அன்று மாலை வயிறு கடமுடா என்றது. உடம்புச் சூடு என்றார்கள். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்தார், சரியாகிவிட்டது.

நாலு நாள் கழித்து, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன். கழுகு தின்றது, கண்ணை உருட்டியது, மேலும் கேட்டது. பத்து நாழிகை கழித்து ராஜா தின்றார். அன்று வாந்தியும் வந்தது. கண்திருஷ்டி என்றார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். ராஜா இரண்டு நாள் கஞ்சி குடித்தார்.

ஒரு வாரம் கழித்து, மிளகு போட்ட மான்கறி. கழுகு தின்றது, கண்ணை உருட்டியது, மேலும் கேட்டது. அன்று புத்திசேகரர் தன் புதுத் தலைப்பாகையோடு கழுகின் அருகே போய், "சபாஷ்" என்று முதுகில் தட்டப் போனார். கழுகு பயந்துபோய், தின்றதில் பாதியை எதிரே இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் கக்கியது. நாற்றம் தாங்காமல் மந்திரி ஓடினார். கக்கிய பிறகும் கழுகு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. பத்து நாழிகை கழித்து ராஜா தின்றார்.

அன்றைக்கு ராஜா பிழைத்ததே பெரிய காரியம். மேலும் போனது, கீழும் போனது, கண் உள்ளே போனது. மூன்று நாள் கட்டிலை விட்டு எழவில்லை. நாலாம் நாள் கண்ணைத் திறந்து, "யார் வைத்தது?" என்று மட்டும் கேட்டார்.

புத்திசேகரர் விரல் விட்டு எண்ணினார். "அரசே, சமைத்தபோது விஷம் இல்லை, கழுகே சாட்சி. அதே பானையிலிருந்து மகாராணியாரும் சூடாக வாங்கிச் சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் இல்லை. கழுகின் வாய்க்கும் தங்கள் வாய்க்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கை. முத்திரையை உடைத்துப் பரிமாறிய கை."

கணக்குச் சுத்தமாக இருந்தது. தப்பான கணக்குதான் எப்போதும் அப்படிச் சுத்தமாக இருக்கும். மயிலாத்தாள் விஷம் வைத்தாள் என்று தீர்ப்பானது. மூன்றாம் நாள் யானைக்காலில் இடறச் செய்வது என்று தண்டனையும் ஆனது.

கருங்குன்றத்தில் சிறைச்சாலை கிடையாது. அவ்வளவு சின்ன நாடு, யாரை அடைப்பது? ஆகவே அவளைப் பாத்திர அறையில் போட்டுப் பூட்டினார்கள்.

நாட்டில் இருந்த யானையும் ஒன்றே ஒன்றுதான். பெயர் சின்னான், உடம்பு மலை. தினம் காலையில் அடுப்படி ஜன்னலுக்கு வந்து நிற்கும். மயிலாத்தாள் வெல்லம் வைத்துச் சோற்றைப் பிடித்து, ஒவ்வொரு கவளமாக அதன் வாயில் கொடுப்பாள். ஒன்பது வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. மறுநாள் காலையில் அது வழக்கம்போல வந்தது. அடுப்படியில் அவளைக் காணாமல், மோப்பம் பிடித்துக்கொண்டே பாத்திர அறை ஜன்னலுக்கு வந்து, கம்பிக்குள் தும்பிக்கையை நீட்டி அவள் கையைத் தேடியது.

அவள் கையில் ஒன்றும் இல்லை. அந்தத் தும்பிக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாகப் போவதைவிட, தன் கையால் தின்ற பிராணியின் காலில் சாகப் போவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு பாவமும் செய்யாத அந்த யானைக்கு இந்தப் பாவம் எதற்கு என்று நினைத்து நினைத்து அழுதாள்.

அழுது முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த பித்தளைத் தாம்பாளம் கண்ணில் பட்டது.

கழுகு கக்கிய அதே தாம்பாளம்தான். யாரோ பேருக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்தார்கள். பழைய தாம்பாளம், பல வருடக் களிம்பு ஏறிக் கறுத்துப் போனது. ஆனால் கழுகு கக்கிய இடம் மட்டும் பளபளவென்று பொன்னாட்டம் மின்னியது. மற்ற எல்லா இடமும் கறுப்பு.

மயிலாத்தாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பித்தளை எதற்கு மினுங்கும் என்று அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரியாதா? புளி போட்டுத் தேய்த்தால் மினுங்கும். ஆனால் இந்தக் களிம்பு புளிக்கும் அசையாத களிம்பு, அவளே பலமுறை தேய்த்துப் பார்த்து விட்டுவிட்டாள். அப்படியானால் அந்தக் கழுகின் வயிற்றுக்குள் இருக்கிற புளிப்பு எப்பேர்ப்பட்ட புளிப்பு?

அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. பால்சோறு தின்ற நாளில் ராஜாவுக்கு நோவு. மீன் தின்ற நாளில் நோவு. கறி தின்ற நாளில் பெரிய நோவு. நடுவில் ஒரு நாள் புளிச்சோறு போட்டாளே? அதுவும் பத்து நாழிகை கம்பளிக்குள் கிடந்ததுதான். அன்று ராஜா ஏப்பம் விட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டார். புளிப்பு ஏறிய பண்டம் கெடாது, ஊறுகாய் வருடக்கணக்கில் இருக்கும். பாலும் மீனும் கறியும் அரை நாள் தாங்காது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அவள் அப்பன் பட்டியில் ஒரு வருடம் அடைப்பான் நோய் வந்து மாடுகள் வரிசையாக விழுந்தன. செத்த மாட்டின் தோலை உரித்தவர் கையில் கறுப்பாகக் கொப்புளம் வந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அந்த மாட்டைத் தின்ற கழுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்றது, பறந்தது, மறுநாள் மறுபடி வந்தது.

"அட, அது வயிறு ஊறுகாய்ச் சாடியாட்டம்ல இருக்குது" என்று தனியாகச் சொல்லிக்கொண்டாள். முதல்முறையாக அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலை. முற்றத்தில் யானை நின்றது. ராஜாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து நிழலில் வைத்தார்கள். மந்திரி புதுத் தலைப்பாகையோடு நின்றார். ஊரே கூடி நின்றது. கடைசி ஆசை என்ன என்று கேட்டார்கள்.

"மகாராசா, நான் வெசம் வெக்கலீங்க. யாருமே வெக்கலீங்க. மூடி வெச்ச சோறு தானா வெசமாச்சுதுங்க. அதை நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இன்னைக்கு ஒரு நாள் எனக்குப் பதிலா மந்திரிங்க சமைக்கட்டும். அவங்களே ஆக்கி, அவங்களே பங்கு வெச்சு, அவங்களே முத்திரை போட்டு, அவங்களே காவல் உக்காரட்டும். நான் பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டனுங்க. என்ற கையைக் கட்டிப் போடுங்க."

"சமைத்து?" என்றார் ராஜா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மூணு பங்குங்க. மொதப் பங்கு சுடச்சுட எனக்கு. மத்த ரெண்டும் பத்து நாழிகை கம்பளிக்குள்ள. பொறவு ஒண்ணு கழுகுக்கு, ஒண்ணு மந்திரிங்களுக்கு."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி சிரித்தார். தானே சமைத்துத் தானே காவல் இருக்கிற சாப்பாட்டில் விஷம் எங்கிருந்து வரும்? சரி என்றார்.

புத்திசேகரர் அடுப்புப் பற்றவைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊதினார், புகைந்தது. இன்னும் ஊதினார், இன்னும் புகைந்தது. கண்ணில் நீர், மூக்கில் நீர், தலைப்பாகையில் கரி. எப்படியோ ஆட்டுக்கறியை வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினார். மூக்கைத் துடைத்த கையாலேயே மூன்று பங்கு வைத்தார்.

முதல் பங்கை மயிலாத்தாளுக்கு ஊட்டினார்கள், கைதான் கட்டியிருக்கிறதே. சுடச்சுடத் தின்றாள். "உப்புப் பத்தலீங்க" என்றாள். ஊர் சிரித்தது. மந்திரி சிரிக்கவில்லை.

மற்ற இரண்டு பங்கையும் மூடி, முத்திரை வைத்து, கம்பளி சுற்றி, அடுப்பின் பக்கத்தில் வைத்தார்கள். மந்திரி அதன் எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஈயைக்கூட அண்ட விடவில்லை. வெயில் ஏறியது, உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. மயிலாத்தாள் தூணில் சாய்ந்து, எல்லோரும் பார்க்க நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள்.

பத்து நாழிகை ஆயிற்று. மந்திரியே முத்திரையை உடைத்தார். இரண்டாம் பங்கைக் கழுகுக்கு வைத்தார்கள். கழுகு தின்றது, கண்ணை உருட்டியது, மேலும் கேட்டது.

மூன்றாம் பங்கு மந்திரி முன்னால் வந்தது.

மயிலாத்தாள் எழுந்தாள். "மந்திரிங்களே, உங்களுக்கு நோவு வரட்டும்னு நான் நெனைக்கலீங்க. கழுகு தின்னா அது மனுசனுக்குச் சாட்சி ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க. திங்கவே வேண்டாமுங்க."

நல்ல வாய்ப்பு. ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் பாதி அறிவாளிக்கு விஷத்தை விழுங்குவது சுலபம், தப்பு என்ற சொல்லை வெளியே விடுவதுதான் கஷ்டம். "கழுகுக்கே ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் என்ன ஆகும்?" என்று சொல்லிவிட்டு வழித்து வழித்துத் தின்றார். "அமிர்தம்" என்று வேறு சொன்னார்.

ஒரு நாழிகை ஆயிற்று. மந்திரி மீசையைத் தடவினார்.

இரண்டு நாழிகை ஆயிற்று. மந்திரி நெற்றியைத் தடவினார்.

மூன்று நாழிகை ஆயிற்று. மந்திரி வயிற்றைத் தடவினார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். பிறகு ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு, தலைப்பாகை ஒரு பக்கம் விழ, மேல்துண்டு ஒரு பக்கம் விழ, கொல்லைப்புறம் ஓடினார். திரும்பி வந்தார், உட்கார்ந்தார், மறுபடி ஓடினார். மூன்றாம் தடவை வந்தபோது செம்பைக் கீழே வைக்கவே இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், வயிற்றுப்போக்கும் அப்படித்தான்.

கழுகு கல்தூணின்மேல் உட்கார்ந்து, சாய்ந்த வெயிலில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

கட்டிலில் இருந்த மாறவேள் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ஒரே பானை. ஒரே கை. சூடாகத் தின்றவளுக்கு ஒன்றுமில்லை, மூடி வைத்துத் தின்ற மந்திரி ஓடுகிறார், அதையே தின்ற கழுகு வெயில் காய்கிறது. இதற்குமேல் விளக்கம் எதற்கு?

"அவள் கட்டை அவிழுங்கள்" என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, அந்தக் கழுகுக்கு மட்டும் எப்படித் தாங்குகிறது?"

மயிலாத்தாள் தாம்பாளத்தை எடுத்துவரச் சொல்லிக் காட்டினாள். "இது அதும் வயித்துப் புளிப்பு தொட்ட எடமுங்க. பித்தளைக் களிம்பையே தின்னு போடுதுங்க. கெட்ட கறியில இருக்கற வெசம் அதுக்குள்ள போனா என்னத்துக்குங்க ஆகும்? சாமி அதைச் செத்த மாட்டைத் திங்கறதுக்குன்னே படைச்சு, அதுக்குத் தக்கன வயித்தையும் குடுத்திருக்குதுங்க. அதுக்கு எதைத் தின்னாலும் ஒண்ணுதான். அதைப் போய் நமக்கு ருசி பாக்கச் சொன்னா, அது எப்படீங்க சொல்லும்?"

ராஜாவுக்கு நல்லண்ணனின் நினைவு வந்தது. மோந்து, தொட்டு, மென்று பார்த்த அந்த மனிதனின் வயிறும் தன் வயிறு மாதிரியே ஒரு சாதாரண வயிறு. அதனாலேயே அவனை நம்பியிருக்கலாம். அது தனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கப்பட்டார். ஒரு குற்றமும் செய்யாத பெண்ணை யானை முன்னால் நிறுத்தியதற்கு அதைவிட வெட்கப்பட்டார். கட்டிலைவிட்டு இறங்கி, மெல்ல நடந்துபோய், அத்தனை பேர் முன்னால் அவளைக் கும்பிட்டார்.

அவள் பதறிப்போய், "இருங்க மகாராசா, அங்க மந்திரிங்க உசிரு போவுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். கஞ்சித்தண்ணியை வடித்து, உப்புப் போட்டு, கொல்லைப்புற வாசலில் கொண்டுபோய் நின்றாள். புத்திசேகரர் அதை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, அத்தனை நேரம் சொல்ல மறுத்த சொல்லைக் கடைசியில் சொன்னார். "தப்பு என்னுடையதுதான் அம்மா." அன்றைக்குத்தான் அவருக்கு மீதிப் பாதி அறிவும் வந்தது.

மறுநாள் நல்லண்ணன் வேலைக்கு வந்தார். சாப்பாடு அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு ராஜாவின் இலைக்கு வந்தது. கழுகின் காலில் இருந்த சங்கிலியை அவிழ்த்து, முத்துமாலையைக் கழற்றி, மொட்டைப் பாறையில் கொண்டுபோய் விட்டார்கள். அரண்மனைச் சாப்பாட்டில் அது கொழுத்துப்போயிருந்தது. ஓடி ஓடிப் பார்த்தது, எழும்ப முடியவில்லை. இன்னொரு தரம் ஓடியது, முடியவில்லை. மூன்றாம் தரம் சரிவில் ஓடிக் காற்றைப் பிடித்து எழும்பியது. நோயில் செத்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கிற அந்தப் பறவைமேல் யாரும் கல்லெறியக் கூடாது என்று ராஜா பறை அறைந்து அறிவித்தார். அவர் போட்ட சட்டங்களிலேயே இதுதான் உருப்படியானது.

அன்று காலை சின்னான் வழக்கம்போல அடுப்படி ஜன்னலுக்கு வந்து தும்பிக்கையை நீட்டியது. மயிலாத்தாள் விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துக் கவளம் பிடித்து வைத்திருந்தாள்.

கதையைக் கேட்டவர்கள் கேட்டதோடு போகாமல், இந்த ஒரு நீதியையும் முடிந்துகொண்டு போங்கள்:

ஒருவருக்குத் தாங்குகிறது என்பதற்காக நமக்கும் தாங்கும் என்று எண்ணக் கூடாது, அவரவர் வலிமை அவரவருக்கு மட்டுமே அளவு.